நேரம் தவறாத பின்: பி.ஆர்.யு. பிறந்த கதை

டபிள்யூ.எஸ். 2812 என்று ஒரு எல்.இ.டி. இருக்கிறது. பட்டையாகச் சுருட்டி விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பட்டையில் நூறு விளக்கு இருந்தாலும் தகவல் போக ஒரே கம்பிதான். ஒரு விளக்குக்கு 24 பிட், ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. கம்பியில் மின்னழுத்தம் ஏறி, ஏறக்குறைய 0.4 மைக்ரோ விநாடியில் இறங்கிவிட்டால் அது பூஜ்யம். 0.8 மைக்ரோ விநாடி நின்று இறங்கினால் ஒன்று. 0.15 மைக்ரோ விநாடிக்கு மேல் பிசகினால் விளக்கு எதைப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிவப்பு கேட்ட இடத்தில் பச்சை எரியும்.

பழைய மாதிரி ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் சிப். அது இந்தப் பட்டையைச் சிரமமில்லாமல் ஓட்டுகிறது. அதைவிட அறுபது மடங்கு கிளாக் வேகமும் 512 மெகாபைட் நினைவகமும் கொண்ட லினக்ஸ் போர்டு ஒன்றிடம் அதே வேலையைச் சாதாரண நிரலாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பட்டை மினுமினுக்கும், நிறங்கள் தாவும். பெரியவனால் முடியாதது சின்னவனால் எப்படி முடிகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பலர் பல வழி கண்டார்கள். அவற்றில் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் சிப்புக்குள் வைத்த பி.ஆர்.யு. என்ற குட்டி பிராசஸர். அதன் கதைக்குப் போகுமுன், லினக்ஸில் ஒரு பின்னை (போர்டில் கம்பி இணைக்கும் முனை) ஏற்றி இறக்குவது எவ்வளவு நீண்ட பயணம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

யூனிக்ஸ் மரபில் கருவிகளையும் கோப்பாகவே காட்டுவார்கள். அந்த வழக்கப்படி 2008-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு வசதி வந்தது. டேவிட் பிரௌனெல் என்ற கெர்னல் நிரலாளரின் கைவண்ணம் அது. ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு கோப்பு. அதில் ‘1’ என்று எழுதினால் பின்னில் மின்னழுத்தம் வரும். ‘0’ என்று எழுதினால் போகும். சி மொழி தெரியாதவர்கூட ஷெல்லில் ஒரு வரி தட்டி விளக்கை ஏற்ற முடிந்தது. 2011-இல் பிரௌனெல் காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டு ராஸ்பெர்ரி பை வந்து, பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் வரை லினக்ஸ் போர்டைக் கையில் எடுத்தபோது, பலர் முதல் விளக்கை ஏற்றியது அவர் போட்ட பாதையில்தான்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ‘1’ என்று எழுதும்போது நம் நிரல் நின்று கெர்னலுக்கு வழிவிடுகிறது. கெர்னல் எந்தக் கோப்பு என்று பார்க்கிறது, அனுமதி பார்க்கிறது, வந்தது எழுத்து என்பதால் அதை எண்ணாக்குகிறது, எந்தப் பின் என்று தேடுகிறது, அந்தச் சிப்புக்கான டிரைவரைக் கூப்பிடுகிறது. டிரைவர் கடைசியில் ஒரே ஒரு ரிஜிஸ்டரில் ஒரு பிட்டை மாற்றுகிறது. பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். சிறிய ஏ.ஆர்.எம். போர்டுகளில் இந்தப் பயணத்துக்குப் பல மைக்ரோ விநாடி ஆகும். எல்.இ.டி. பட்டைக்கு ஒரு முழு பிட்டே 1.25 மைக்ரோ விநாடி.

2016-இல் கெர்னலின் 4.8 பதிப்பில் லினஸ் வாலெய் இந்த முறையை மாற்றி அமைத்தார். கோப்புக்குப் பதில் ஒவ்வொரு பின் தொகுதிக்கும் ஒரு கருவி முனை. பல பின்களை ஒரே அழைப்பில் மாற்றலாம். எந்த நிரல் எந்தப் பின்னை வைத்திருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. பார்ட்டோஸ் கோலாஷெவ்ஸ்கி எழுதிய லிப்ஜிபிஐஓடி என்ற நூலகம் இதன் மேல் நிற்கிறது. ரிலே, பொத்தான், சென்சார் என்று அன்றாட வேலை எதற்கும் இன்று இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கெர்னலுக்குள் போய்த் திரும்பும் பயணம் மட்டும் ஒழியவில்லை.

பொறுமையிழந்தவர்கள் கெர்னலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னை ஆளும் ரிஜிஸ்டர் என்பது நினைவகத்தில் ஒரு முகவரிதானே? லினக்ஸில் எந்த முகவரியையும் நிரலுக்குள் கொண்டுவந்து ஒட்டிவைத்துக்கொள்ள எம்-மேப் என்ற அழைப்பு இருக்கிறது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பின்னை ஏற்ற ஒரே ஒரு கட்டளை போதும். முதல் ராஸ்பெர்ரி பையில் இப்படிச் செய்து 20 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் பின்னை ஆட்டிக் காட்டினார்கள். ஷெல்லில் விநாடிக்குச் சில ஆயிரம் முறை மட்டுமே ஆடிய அதே பின், இங்கே கோடிக்கணக்கில் ஆடியது.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது சிறியது. முகவரி சிப்புக்குச் சிப் மாறும். பதினாறு நிலை எண்ணில் முதல் பையில் 20 என்று தொடங்கிய கருவி முகவரிகள் இரண்டாம் பையில் 3எஃப் என்றும், நான்காம் பையில் எஃப்இ என்றும் இடம்பெயர்ந்தன. பழைய முகவரியை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்தவர்களுக்குப் புதிய போர்டில் ஒன்றும் ஓடவில்லை. அதற்கு மேல், நினைவகம் முழுவதையும் திறந்து வைக்கும் இந்த வழிக்கு ரூட் அனுமதி வேண்டும். ஓர் எண் பிசகினால் இயங்குதளமே விழும். பின்களின் ரிஜிஸ்டரை மட்டும் காட்டும் பாதுகாப்பான கதவு ஒன்றைப் பிற்பாடு ராஸ்பெர்ரி பை வைத்துக் கொடுத்தது.

இரண்டாவது சிக்கல்தான் உயிர்நிலை. 20 மெகாஹெர்ட்ஸ் என்பது தடையில்லாமல் ஓடும்போது கிடைக்கும் வேகம். லினக்ஸ் ஒரே நிரலுக்காக உட்கார்ந்திருப்பதில்லை. நெட்வொர்க்கிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் கவனிக்கும். எஸ்.டி. கார்டு கூப்பிட்டால் போகும். வேறொரு நிரலின் முறை வந்தால் நம் நிரலைப் பாதியில் நிறுத்திவிட்டு அதை ஓட்டும். பத்தாயிரம் துடிப்பு ஒழுங்காகப் போய், பத்தாயிரத்து ஒன்றாவது துடிப்பு ஒரு மில்லி விநாடி தாமதமாகலாம். எல்.இ.டி. பட்டைக்கு அந்த ஒன்று போதும். ஸ்டெப்பர் மோட்டார் அந்த ஒரு துடிப்பில் அடி தவறும். லேத்தில் வெட்டும் பொருள் வீணாகும். வேகத்தை அளந்து பெருமைப்பட்டவர்கள் அளக்காமல் விட்டது இந்தத் தாமதத்தைத்தான். ஒரு போர்டின் தரத்தை அதன் மிக மோசமான துடிப்பை வைத்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ராஸ்பெர்ரி பையில் இதற்கு ஒரு சாமர்த்தியமான மாற்றுவழி கண்டார்கள். நினைவகத்திலிருந்து கருவிகளுக்குத் தகவலைத் தானே அள்ளிப்போடும் டி.எம்.ஏ. என்ற பகுதி சிப்பில் உண்டு. எப்போது பின் ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், சீரான துடிப்பு தரும் பி.டபிள்யூ.எம். கருவியின் தாளத்துக்கு டி.எம்.ஏ. அதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். பிராசஸர் வேறு எங்கு போனாலும் கவலையில்லை. ரிச்சர்ட் ஹர்ஸ்ட் எழுதிய சர்வோபிளாஸ்டர் இந்த வழியில் சர்வோ மோட்டார்களை ஓட்டியது. ஜெரமி கார்ஃப் எழுதிய நூலகம் எல்.இ.டி. பட்டையை ஒழுங்காக எரிய வைத்தது. ஆனால் அதே பி.டபிள்யூ.எம். கருவியைத்தான் போர்டின் ஹெட்ஃபோன் ஒலியும் நம்பியிருந்தது. விளக்கு எரிந்தால் பாட்டு கேட்காது. ஏற்கெனவே எழுதிவைத்த பட்டியல் என்பதால், வெளியிலிருந்து வரும் ஒரு சைகையைப் பார்த்து அந்தக் கணமே முடிவெடுக்கவும் டி.எம்.ஏ.வால் இயலாது. அதற்கு யோசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் லினக்ஸைவிடப் பழையது. 1964-இல் அமெரிக்காவின் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் 6600 என்ற கணினியை வெளியிட்டது. சேமூர் கிரே வடிவமைத்தது. அன்றைக்கு உலகிலேயே வேகமானது. அதன் மையப் பிராசஸர் கணக்கு மட்டும்தான் போடும். டேப், அட்டை, அச்சு இயந்திரம் என்று வெளியுலகத்தோடு பேசும் வேலை முழுவதும் பத்துச் சிறு பிராசஸர்களிடம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 4096 சொற்கள் கொண்ட தனி நினைவகம். கிரே இன்னும் ஒரு சிக்கனம் செய்தார்: பத்துக்கும் கணக்குப்போடும் மின்சுற்று ஒன்றுதான், அதை முறைவைத்துச் சுழற்சியில் பகிர்ந்துகொண்டன. அந்தச் சுழற்சி மாறாதது என்பதால் யார் முறை எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும்.

1990 வாக்கில் கார் எஞ்சின்களில் அதே எண்ணம் மீண்டும் தலைகாட்டியது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பது கிராங்க் தண்டின் கோணத்தைப் பொறுத்தது. வேகம் மாற மாற அந்த நேரமும் மாறும். மோட்டோரோலா தன் 68332 சிப்பில் டி.பி.யு. என்ற தனிப் பகுதியை வைத்தது. 16 கால்களின் நேரத்தை அது பார்த்துக்கொள்ளும். முதன்மைப் பிராசஸர் எரிபொருள் கணக்கைக் கவனிக்கும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பி.ஆர்.யு.வை வைத்தது பொழுதுபோக்குக்காரர்களுக்காக அல்ல. அதன் இலக்கு தொழிற்சாலை. ஆலைகளில் மோட்டார்களும் வால்வுகளும் ஒன்றோடொன்று பேச ப்ராஃபிபஸ், ஈதர்கேட் என்று பல நெறிமுறைகள் உண்டு. எல்லாவற்றிலும் நேரக் கட்டுப்பாடு கடுமை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிப்போ, உள்சுற்றை மாற்றி அமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்போ வைப்பது அன்றைய வழக்கம். அவற்றுக்குப் பதிலாக, முதன்மைச் சிப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிராசஸர் இருந்து, எந்த நெறிமுறை வேண்டுமோ அதற்கான நிரலை மட்டும் மாற்றிக்கொண்டால்? ஓமேப் எல்138 போன்ற சிப்புகளில் முதலில் இது வந்தது. பிறகு ஏ.எம். 335எக்ஸ் வரிசையில் இரண்டு பி.ஆர்.யு.க்களோடு, தொழிற்சாலைத் தொடர்புக்கான உபகரணங்களும் சேர்ந்த முழுத் தொகுதியாக உட்கார்ந்தது.

அந்த ஏ.எம். 335எக்ஸ் சிப்பை வைத்துத்தான் 2011 அக்டோபரில் பீகிள்போன் பிறந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலைபார்த்த ஜேசன் கிரிட்னரும் ஜெரால்டு கோலியும் முன்னின்று நடத்திய பீகிள்போர்டு அமைப்பின் படைப்பு. விலை 89 டாலர். 2013 ஏப்ரலில் 45 டாலருக்கு பீகிள்போன் பிளாக் வந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், இரு பக்கமும் 46, 46 என்று 92 பின். வாங்கிய பலர் அதை இன்னொரு ராஸ்பெர்ரி பை என்றே நினைத்தார்கள். உள்ளே இருந்த இரண்டு சிறு பிராசஸர்கள் ஆரம்பத்தில் அவர்கள் கண்ணில் படவில்லை.

பி.ஆர்.யு.வில் என்னென்ன இல்லை என்று பார்த்தால் அதன் பெருமை புரியும். பைப்லைன் இல்லை. கேஷ் இல்லை. இயங்குதளம் இல்லை. வேலையைப் பாதியில் பறிக்கும் இன்டரப்ட் இல்லை. நவீன பிராசஸர்களை வேகப்படுத்துகிற அத்தனையும் ‘சராசரியாக’ வேகப்படுத்துபவை. கேஷில் கிடைத்தால் சீக்கிரம், கிடைக்காவிட்டால் தாமதம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டதால் பி.ஆர்.யு.வின் கட்டளை ஒவ்வொன்றும், நினைவகத்தைத் தொடுபவை நீங்கலாக, ஒரே ஒரு கிளாக்கில் முடிகிறது. கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒரு கட்டளைக்குச் சரியாக 5 நானோ விநாடி. இன்றைக்கும் 5, நாளைக்கும் 5, நெட்வொர்க்கில் எவ்வளவு நெரிசல் என்றாலும் 5. நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுகிறவரைப் பாருங்கள். ராகத்தின் விஸ்தாரமோ, தவிலின் கணக்கோ அவர் பொறுப்பல்ல. அவர் கையில் இருப்பது தாளம் ஒன்றுதான், அதை எதற்காகவும் அவர் விடுவதில்லை. பி.ஆர்.யு.வின் இடம் அதுதான்.

பின்னோடு அதற்குள்ள உறவும் நேரடியானது. அதன் 32 ரிஜிஸ்டர்களில் 30-ஆம் எண் ரிஜிஸ்டரின் பிட்கள் போர்டின் பின்களோடு நேராக இணைக்கப்பட்டவை. அதில் ஒரு பிட்டை மாற்றினால் அடுத்த 5 நானோ விநாடியில் பின் மாறியிருக்கும். 31-ஆம் எண்ணைப் படித்தால் பின்னில் அந்தக் கணம் இருக்கும் நிலை தெரியும். முதன்மைப் பிராசஸர் ஒரு பின்னைத் தொட, சிப்புக்குள் பலரும் பகிரும் இணைப்புப் பாதைகளைக் கடந்து போக வேண்டும். இங்கே பாதையே கிடையாது.

எல்.இ.டி. பட்டையின் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். 0.4 மைக்ரோ விநாடி என்றால் 80 கட்டளை. 0.8 என்றால் 160. அனுமதிக்கப்பட்ட பிசகு மட்டுமே 30 கட்டளை அகலம். விரலால் எண்ணி எழுதுவதுபோல் எழுதிவிடலாம். நிரல் போட 8 கிலோபைட், தகவலுக்கு இன்னொரு 8 கிலோபைட், இரண்டு பி.ஆர்.யு.வும் பகிர்ந்துகொள்ள 12 கிலோபைட் என்பதுதான் மொத்த இடம். அதுவே ஏராளம். லினக்ஸ் என்ன நிறம் வேண்டும் என்பதைப் பொது நினைவகத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும். எப்போது அனுப்புவது என்பது பி.ஆர்.யு.வின் பாடு.

சிப்புக்குள் இருப்பது வேறு, மக்கள் கையில் கிடைப்பது வேறு. ஆரம்ப ஆண்டுகளில் பி.ஆர்.யு.வுக்கு நிரல் எழுதுவது தவம்தான். அசெம்பிளி மொழி மட்டுமே. பாஸ்ம் என்ற அசெம்பிளர், கெர்னலில் ஒரு சிறு டிரைவர், ஒரு வழிகாட்டி நூல், எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பை பீகிள்போர்டு தரப்பு திறந்த மூலமாக வைத்தது. பின்களை பி.ஆர்.யு. பக்கம் திருப்ப டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பைத் திருத்த வேண்டும். எச்.டி.எம்.ஐ.யும் உள்நினைவகமும் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த பின்களை விடுவிக்க வேண்டும். பி.ஆர்.யு.வுக்கான சி கம்பைலர் 2014 வாக்கில் வந்தபிறகுதான் வாசல் அகலமானது. பிறகு ரிமோட்பிராக் என்ற கெர்னல் வசதி வழியாக, நிரலை ஒரு கோப்புறையில் வைத்து ‘தொடங்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்ற நிலை வந்தது.

கதவு திறந்ததும் மக்கள் செய்தவற்றைப் பார்த்தால் மனம் நிறைகிறது. டிராமெல் ஹட்சன் எழுதிய லெட்ஸ்கேப், ஒரே பீகிள்போனிலிருந்து 32 எல்.இ.டி. சரங்களை ஒரே நேரத்தில் ஓட்டியது. மெஷின்கிட் குழுவினர் முப்பரிமாண அச்சு இயந்திரங்களின் ஸ்டெப்பர் மோட்டார்களுக்குத் துடிப்பு கொடுக்க பி.ஆர்.யு.வைப் பிடித்தார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ மெக்பர்சனின் குழு உருவாக்கிய பேலா, இசைக்கருவிகளுக்கானது. விரல் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையே ஒரு மில்லி விநாடிகூட ஆகாமல் பார்த்துக்கொள்கிறது. சென்சாரிலிருந்தும் ஒலிப்பகுதியிலிருந்தும் தகவலை அள்ளி எடுப்பது பி.ஆர்.யு.

இவற்றில் என்னை அசத்தியது பீகிள்லாஜிக். 2014-இல் கூகுள் கோடைகாலத் திட்டத்தில் இந்திய மாணவர் குமார் அபிஷேக் செய்தது. 14 பின்களில் வரும் சைகையை விநாடிக்கு 10 கோடி முறை படித்துப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசர். 10 கோடி முறை என்றால் ஒரு படிப்புக்கு 10 நானோ விநாடி, அதாவது இரண்டே கட்டளை. அதற்குள் படிக்கவும் வேண்டும், படித்ததை நினைவகத்துக்கு அனுப்பவும் வேண்டும். ஒரு பி.ஆர்.யு.வால் ஆகாது. ஆகவே ஒன்று படித்துக்கொண்டே இருக்கும். சேர்ந்ததை உள்வழியாக மற்றொன்றுக்குத் தள்ளும். அது முதன்மை நினைவகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆய்வுக்கூடத்தில் தனிக் கருவியாக வாங்க வேண்டியதை 45 டாலர் போர்டில், அசெம்பிளியில், ஒரு மாணவர் சாதித்துக் காட்டினார்.

இதே எண்ணம் இப்போது ராஸ்பெர்ரி பைக்கும் வந்துவிட்டது. 2021-இல் 4 டாலருக்கு வெளிவந்த பை பிகோவின் சிப்பில் பி.ஐ.ஓ. என்ற பகுதி இருந்தது. ஒன்பதே வகைக் கட்டளை, 32 கட்டளைக்கு இடம். பின்னை ஆட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலைப்பொறிகள். 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5-இல் பின்கள் முதன்மைச் சிப்பிலேயே இல்லை; பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதைக்கு அப்பால் ஆர்.பி.1 என்ற தனிச் சிப்பில் இருக்கின்றன. எழுதுவது பரவாயில்லை, அனுப்பிவிட்டுப் போய்விடலாம். படிப்பதற்கு, பாதையைக் கடந்து போய்ப் பதில் வரும்வரை பிராசஸர் காத்திருக்க வேண்டும். டி.எம்.ஏ.வை நம்பிய பழைய நூலகங்கள் அங்கே அப்படியே ஓடவில்லை. ஆனால் அந்த ஆர்.பி.1-க்குள்ளும் ஒரு பி.ஐ.ஓ. இருக்கிறது, அதுவும் 200 மெகாஹெர்ட்ஸில். 2024 இறுதியில் அதைப் பொது நிரல்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

லினக்ஸும் சும்மா இருக்கவில்லை. நேரம் தவறாத கெர்னலுக்காக இருபது ஆண்டுகளாக வெளியே வளர்ந்துவந்த ப்ரீம்ப்ட்-ஆர்டி திருத்தங்கள் 2024 செப்டம்பரில் முதன்மைக் கெர்னலில் ஏற்கப்பட்டு, நவம்பரில் 6.12 பதிப்பில் வெளிவந்தன. தாமஸ் கிளைக்ஸ்னரும் அவரோடு உழைத்தவர்களும் செய்தது பெருஞ்சாதனை. மில்லி விநாடிகளில் இருந்த மோசமான தாமதம் பத்து, நூறு மைக்ரோ விநாடி அளவுக்குள் அடங்குகிறது. ரோபோக் கைக்கும் ஒலிக்கும் அது தாராளம். நானோ விநாடி கேட்கும் பின்னுக்கு இன்னும் தனி ஆள்தான் வேண்டும்.

பி.ஆர்.யு. கற்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் ரோஸ்-ஹல்மன் கல்லூரிப் பேராசிரியர் மார்க் யோடர் எழுதிய சமையற்குறிப்பு பாணிக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: ஒரு பீகிள்போன், ஓர் ஆசிலோஸ்கோப், ஒரு மதிய நேரம் ஒதுக்குங்கள். ஒரே பின்னை ஷெல்லில், எம்-மேப்பில், பி.ஆர்.யு.வில் ஆட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மிகத் தாமதமான துடிப்பு எது என்று மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்கள் அதைத் தமிழில் ஒரு கைநூலாக எழுதுங்கள்.